இரண்டு கேனா, மூன்று கேனா? மாதக்கணக்கில் ஊர் சுற்ற எந்த முதுகுப்பை

மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் கடைசியில் வந்து மாட்டிக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. நாற்பது லிட்டர் பை போதுமா, அறுபது லிட்டர் வாங்கிவிடலாமா? லிட்டர் என்றால் எவ்வளவு என்பது பலருக்குக் கண்ணில் தெரிவதில்லை. வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் 20 லிட்டர். இரண்டு கேன் பருமனுள்ள பை நாற்பது, மூன்று கேன் அறுபது. அந்த மூன்று கேன் பருமனை முதுகில் கட்டிக்கொண்டு எழும்பூர் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பாதிப் பேர் அங்கேயே நாற்பதுக்கு இறங்கி வந்துவிடுவார்கள்.

ஆனால் லிட்டர் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் பை தன் நாளை எங்கே கழிக்கப்போகிறது என்பது. லாட்ஜிலும் டார்மிட்டரியிலும் தங்கிப் போகிறவரின் பை, ஊர் மாறும் நாளில் அரை மணியோ ஒரு மணியோ முதுகில் இருக்கும். மற்ற நேரமெல்லாம் கட்டிலுக்கு அடியில், பெர்த்துக்கு அடியில், பஸ் டிக்கியில், கிளாக் ரூமில். மலையேறுகிறவரின் பையோ நாளுக்கு ஆறேழு மணி நேரம் முதுகிலேயே இருக்கும். இந்த இரண்டு வாழ்க்கைக்கும் ஒரே பை சரிப்படாது. கடையில் பார்க்கக் கம்பீரமாக இருப்பது பெரும்பாலும் இரண்டாவது வாழ்க்கைக்கான பை. வாங்குகிறவர் வாழப்போவது முதலாவதை.

இங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளும் பயணம் இது: தமிழ்நாட்டிலிருந்து கிளம்பி ரயில், அரசுப் பேருந்து, வடகிழக்கில் ஷேர் சுமோ, நடுவே மலிவு விமானம். இமாச்சல், மேகாலயா, நேபாளம், அப்புறம் தாய்லாந்து, வியட்நாம். எப்போதாவது ஒரு ட்ரெக்.

கடைக்குப் போகுமுன் வீட்டில் அளக்க வேண்டியவை

பையைக் கடைசியாக வாங்குங்கள். கொண்டுபோகப் போகும் சாமான் அத்தனையும் தரையில் பரப்பி, 50 × 35 × 23 செ.மீ. அளவுள்ள ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்குங்கள். அது ஏறக்குறைய 40 லிட்டர். மூடி மூடினால் நாற்பது போதும். மூடவில்லை என்றால் பெட்டியை மாற்றுவதற்கு முன் சாமானை ஒரு முறை பாருங்கள்.

பிறகு எடை. வீட்டில் நிற்கும் தராசு இருந்தால் பெட்டியுடன் ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை ஏறிக் கழித்துக்கொள்ளலாம். எடையை ஏற்றுபவை எப்போதும் அதே நாலைந்து பொருள்கள்தான். ஒரு ஜீன்ஸ் 600 முதல் 700 கிராம். மெல்லிய ட்ரெக்கிங் பேன்ட் அதில் பாதி. டர்க்கித் துண்டு அரைக் கிலோ வரும், நனைந்தால் மறுநாளும் காயாது. ஈரிழைத் துண்டு 200 கிராமுக்குள், கொடியில் போட்டால் இரண்டு மணியில் காய்ந்துவிடும். லேப்டாப்பும் சார்ஜரும் சேர்ந்தால் ஒன்றரை முதல் இரண்டு கிலோ. 10,000 மில்லியாம்பியர்-மணி பவர் பேங்க் 200 கிராம் அளவில். துணி ஆறு மாதத்துக்கு வேண்டியதில்லை. ஐந்தாறு நாளுக்கு இருந்தால் போதும், மீதி சோப்பின் வேலை.

எவ்வளவு தூக்கலாம் என்பதற்குப் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. அது பழகிய உடலுக்கான மேல் எல்லை. தினசரி ஏறி இறங்கும் பயணத்துக்கு ஆறில், ஏழில் ஒரு பங்குதான் வசதி. 60 கிலோ ஆளுக்கு ஒன்பது, பத்து கிலோ. பையின் சொந்த எடையும் இதற்குள் அடக்கம்.

அடுத்தது முதுகின் நீளம். உயரத்தை வைத்துப் பை வாங்குவது தவறு. ஆறடி ஆளுக்கு நீளம் காலில் இருக்கலாம். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு முட்டி நிற்கும். அங்கிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் இரு கைகளையும் வைத்துக் கட்டைவிரல்களைப் பின்னால் நீட்டினால் அவை சேரும் கோடு வரை, முதுகெலும்பை ஒட்டி டேப் பிடித்து இன்னொருவர் அளக்க வேண்டும். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இது 40 முதல் 52 செ.மீ.க்குள் வரும். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பையின் அளவுப் பட்டியலைப் பார்க்க வேண்டும். முதுகு நீளம் பொருந்தாத விலையுயர்ந்த பையைவிடப் பொருந்திய சாதாரணப் பை மேல். இடுப்பு பெல்ட் எலும்பின் மேல் உட்காராமல் வயிற்றில் உட்கார்ந்தால், இடுப்பு தாங்க வேண்டிய பெரும்பங்கு எடையைத் தோள் தாங்கும். நாலாம் நாள் கழுத்து பேசும்.

ஆக, ஒவ்வொரு வகையையும் எடைபோட வேண்டிய விஷயங்கள்: சொந்த எடை, இடுப்பு பெல்ட் உண்மையில் சுமக்கிறதா, சாமான் எடுக்க எவ்வளவு கலைக்க வேண்டும், பூட்ட முடியுமா, விமானத்தில் கையோடு போகுமா, வழியில் கெட்டால் யார் சரிசெய்வார்.

மேல்வாய் ரக்சாக், 50 முதல் 65 லிட்டர்

கயிற்றைச் சுருக்கி வாயைக் கட்டி, மேல் மூடியைப் பக்கிளால் இறுக்கும் பை. உள்ளே முதுகுச் சட்டம், அகலமான இடுப்பு பெல்ட், தோளுக்கு மேலே எடையை முன்னால் இழுத்துப்பிடிக்கும் சின்ன வார். 1967இல் அமெரிக்க மலையேறி கிரெக் லோ சட்டத்தைப் பைக்கு உள்ளே கொண்டுவந்த நாளிலிருந்து இதன் அடிப்படை மாறவில்லை. 14, 15 கிலோவை மணிக்கணக்கில் சுமக்க இதற்கு மேல் ஒரு வடிவம் இல்லை. பெரிய ஜிப் இல்லாததால் வழியில் கெட்டு நிற்கவும் அதிகம் ஒன்றுமில்லை.

சிக்கல் நடப்பதை நிறுத்தியதும் தொடங்கும். அடியில் கிடக்கும் ஸ்வெட்டரை எடுக்க மேலே உள்ள அத்தனையும் கட்டிலில் குவிய வேண்டும். இரவு பதினொரு மணிக்கு, மற்றவர்கள் தூங்கும் டார்மிட்டரியில், பாலித்தீன் கவர்கள் சரசரக்க இதைச் செய்கிறவர் ஒருவர் எல்லா ஊரிலும் உண்டு. அடியில் தனி ஜிப் உள்ள மாடல் என்றால் பாதித் தொல்லை குறையும்.

இன்னொன்று கடைக்காரர் சொல்லாதது. ரயில்வே கிளாக் ரூமில் பூட்டிய சாமானைத்தான் எடுத்துக்கொள்வார்கள். கயிற்றால் கட்டிய வாய்க்குப் பூட்டு எங்கே போடுவது? காலையில் ஓர் ஊரில் இறங்கி, பையை ஸ்டேஷனில் போட்டுவிட்டு, சுற்றிப் பார்த்துவிட்டு இரவு வண்டி பிடிப்பது மாதக்கணக்கான பயணத்தில் வாரம் ஒருமுறையாவது நடக்கும். இந்தப் பைக்காரர் அதற்காக ஒரு லாட்ஜ் அறை எடுப்பார், அல்லது ஸ்டேஷன் வாசல் கடைக்காரரிடம் கெஞ்சுவார். பக்கிள்களின் வழியாகச் சைக்கிள் சங்கிலி கோத்துப் பூட்டுவது ஒரு சமாளிப்பு. கவுன்டரில் இருப்பவரின் மனதைப் பொறுத்து ஏற்பார்.

விமானத்தில் இது எப்போதும் செக்-இன்தான். தொங்கும் வார்கள் கன்வேயரில் சிக்கிப் பிய்யும். ஏர்போர்ட்டில் பிளாஸ்டிக் சுற்றித்தரக் காசு கேட்பார்கள். வீட்டிலிருந்தே 50 கிலோ நைலான் அரிசிச் சாக்கு ஒன்றை மடித்து எடுத்துப்போனால் அதற்குள் பையைப் போட்டு வாயைக் கட்டிவிடலாம். சுமோ கூரையில் போகும்போதும் தூசிக்கும் மழைக்கும் அதே சாக்கு. எடை 100 கிராம்தான்.

பெரிய பையின் உண்மையான விலை அது நிறைந்துவிடும் என்பது. காலி இடம் இருந்தால் மணாலியில் ஒரு சால்வை, ஷில்லாங்கில் தேயிலைப் பொட்டலம் என்று தானாக நிரம்பும்.

யாருக்கு இது சரி? சொந்தக் கூடாரமும் தூங்கும் பையும் அடுப்பும் தூக்குகிறவருக்கு. குளிர்காலத்தில் ஸ்பிதி, லடாக் பக்கம் வாரக்கணக்கில் இருப்பவருக்கு. போர்ட்டர் வைக்காமல் நீண்ட மலைப்பாதை நடப்பவருக்கு. ஆறு மாதத்தில் ஐந்து நாள் ட்ரெக் என்பதற்காக மட்டும் இதை வாங்குவது, வருடத்தில் ஒரு கல்யாணத்துக்காக வேன் வாங்குவதுபோல. மணாலி, லே, காட்மாண்டுவின் தமேல் எல்லா இடத்திலும் ரக்சாக் வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் பையைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டு, வாடகைப் பையோடு மலைக்குப் போய் வரலாம். (தமேலில் விலைக்கு வாங்குவதானால், பெரிய பிராண்ட் பெயர் தைத்த நகல்கள்தான் அங்கே அதிகம் என்பது நினைவிருக்கட்டும். ஒரு ட்ரெக்குக்குத் தாங்கும். ஆறு மாதத்துக்குத் தாங்கும் என்று நம்ப வேண்டாம்.)

பெட்டிபோல் திறக்கும் பயணப்பை, 38 முதல் 45 லிட்டர்

மூன்று பக்கமும் ஜிப் ஓடி, சூட்கேஸ் மாதிரி விரியும் பை. ஆஸ்பிரேயின் ஃபார்பாயிண்ட் 40, பெண்களின் தோள், இடுப்பு அமைப்புக்கான அதன் ஜோடி ஃபேர்வியூ 40, டெகத்லானின் ஃபோர்கிளாஸ் பயணப்பைகள் எல்லாம் இந்த வகை. வெறும் எடை ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோ சொச்சம்.

லாட்ஜ் வாழ்க்கைக்கு இதுதான் பை. திறந்தால் எல்லாம் கண்முன்னே. இரண்டு ஜிப் ரன்னர்களையும் சேர்த்துப் பூட்டலாம், கிளாக் ரூம் கவலை இல்லை. நல்ல மாடல்களில் தோள்வாரையும் இடுப்பு பெல்ட்டையும் மடக்கி உள்ளே மறைத்து மூட ஒரு மடிப்பு இருக்கும். செக்-இன் போட்டாலும் வார் பிய்யாது. ஸ்லீப்பர் கோச்சில் கீழ் பெர்த்துக்கு அடியில் மற்றவர் சூட்கேஸ்களோடு சண்டை இல்லாமல் நுழையும். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்ளலாம்.

இனி இதன் பொய்கள்.

முதல் பொய், "கேபின் சைஸ்". இண்டிகோவில் கைப்பை வரம்பு 55 × 35 × 25 செ.மீ., 7 கிலோ. தென்கிழக்காசியாவின் மலிவு விமானமான ஏர்ஏசியாவில் 56 × 36 × 23 செ.மீ.; அங்கே கையில் இருக்கும் சின்னப் பையையும் சேர்த்தே 7 கிலோ. நாற்பது லிட்டர் பை அளவில் இந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு தப்பிவிடும். எடையில் தப்பாது. 7 கிலோவில் பை ஒன்றரை, லேப்டாப் இரண்டு. துணிமணி, செருப்பு, மருந்து எல்லாவற்றுக்கும் மீதி மூன்றரைக் கிலோ. நாற்பது லிட்டரை நிறைத்தால் சாதாரணமாக எட்டிலிருந்து பத்துக் கிலோ வரும். எனவே அளவு கேபினுக்குப் பொருந்தும், எடை பொருந்தாது என்பதே சரியான வாக்கியம். இந்தியாவுக்குள் பறக்கும் பெரும்பாலான டிக்கெட்டில் 15 கிலோ செக்-இன் ஏற்கெனவே அடங்கியிருப்பதால் இங்கே இது பெரிய பிரச்சினை இல்லை. தென்கிழக்காசியாவின் மலிவு விமானங்களில் பெரும்பாலும் செக்-இன் தனிக் காசு; கவுன்டரில் போய்க் கட்டினால் முன்பதிவில் கட்டுவதைவிட அதிகம். அங்கே நாலைந்து விமானம் திட்டமிருந்தால் அந்தத் தொகையைப் பையின் விலையோடு கூட்டிப் பாருங்கள். செக்-இன் போடுவதானால் பவர் பேங்க் மட்டும் கையில் இருக்க வேண்டும். அதைச் சரக்கில் போட அனுமதி இல்லை.

இரண்டாவது, ஜிப். மேல்வாய் பையில் ஜிப் கெட்டால் ஒரு பாக்கெட் போகும். இதில் ஜிப் கெட்டால் பையே போகும். திணித்து, முழங்காலால் அமுக்கி, ஜிப்பை இழுத்து மூடும் பழக்கம் உள்ளவர்களிடம் இந்தப் பை சில மாதத்தில் வாய் பிளக்கும். பக்கவாட்டில் அழுத்தும் வார்கள் இருக்கிற மாடலை எடுத்து, வாரை இறுக்கிய பிறகு ஜிப்பை மூடினால் ஜிப்புக்குப் பாரம் இல்லை.

மூன்றாவது, சுமை. பெட்டி வடிவம் என்பதால் எடை முதுகிலிருந்து தள்ளி நிற்கும். 10 கிலோ வரை நன்றாகச் சுமக்கும். 12 தாண்டினால் பின்னுக்கு இழுக்கும். சில மாடல்களில் லேப்டாப் அறை முதுகை ஒட்டாமல் வெளிப்புறத்தில் இருக்கிறது. கனமான பொருள் உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு இழுக்கும். அந்த வகையைத் தவிர்க்கலாம். விலை குறைந்த சிலவற்றில் இடுப்பு பெல்ட் என்ற பெயரில் ஒரு நாடாதான் இருக்கும். பஞ்சு வைத்த பெல்ட் இல்லாத நாற்பது லிட்டர் பை, பள்ளிக்கூடப் பையின் பெரிய அண்ணன், அவ்வளவே.

சின்னப் பை ஒட்டிய 55 முதல் 70 லிட்டர்

பெரிய பையின் முதுகில் 13, 15 லிட்டர் பகல்பை ஒன்று ஜிப்பால் ஒட்டிக்கொண்டு வரும். ஒரே விலையில் இரண்டு பை. கேட்க நன்றாக இருக்கிறது. ஒட்டியபடியே நடந்தால் கேமராவும் லேப்டாப்பும் உள்ள அந்தச் சின்னப் பை முதுகிலிருந்து ஒரு முழம் தள்ளித் தொங்கும். மூன்று கிலோதான், ஆனால் நெம்புகோலின் நுனியில் மூன்று கிலோ. அதோடு, கூட்டமான பஸ்ஸில் உங்கள் பணமும் பாஸ்போர்ட்டும் உங்களுக்குக் கண் இல்லாத பக்கம் இருக்கின்றன. அனுபவப்பட்டவர்கள் சின்னதைக் கழற்றி மார்பில் மாட்டிக்கொள்வார்கள். அப்படியானால் ஒட்டும் வசதிக்குக் கொடுத்த காசு வீண்.

ஒரே ஊரில் இரண்டு வாரம், மூன்று வாரம் தங்கி அடுத்த ஊருக்கு நகர்கிறவருக்கு, குளிர்நாட்டுக்கும் வெயில் நாட்டுக்கும் ஒரே பயணத்தில் போகிறவருக்கு இது பொருந்தும். கணவன் மனைவியாகப் போகிறவர்கள் இரண்டு நாற்பதுக்குப் பதில் இப்படி ஒன்றும் தனியாக ஒரு முப்பதும் எடுத்தால், செக்-இன் ஒருவருக்கு மட்டும் கட்டினால் போதும். பெரியதை யார் தூக்குவது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சக்கரம் வைத்த முதுகுப்பை

சக்கரமும் இழுகம்பியும் சேர்ந்து வெறும் பையே மூன்றரைக் கிலோவை எட்டும். கேபின் வரம்பில் பாதி போயிற்று. ஏர்போர்ட் கிரானைட்டில் ஓடும். மேகாலயாவின் கல்படிகளிலும் கடற்கரை மணலிலும் ஓடாது. சேற்றில் இழுத்தபின் முதுகில் மாட்டினால் சக்கரத்தின் சேறு பேன்ட்டில். சுமப்பதற்காக வாங்குவதானால் வேண்டாம். முதுகுவலி உள்ளவர்கள், நகரங்களுக்குள் மட்டும் போகிறவர்கள் நேரடியாக நல்ல இரண்டு சக்கர ட்ராலி வாங்கலாம். எப்போதாவது வரும் பத்துப் படிக்கு அதைக் கையில் தூக்கினால் முடிந்தது.

26 முதல் 32 லிட்டர் சின்னப் பை

வெறும் பை ஒரு கிலோவுக்குள். மொத்தம் ஆறேழு கிலோ. கேபினில் அளவும் எடையும் இரண்டும் உண்மையிலேயே பொருந்துவது இந்த ஒன்றுதான். மேல் பெர்த்தில் தலைமாட்டில் வைத்துத் தூங்கலாம். டவுன் பஸ்ஸில் கால்களுக்கு நடுவே நிற்கும். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் பேச்சை எடுக்கமாட்டார். கோயில் வாசலில் பை வைக்கும் இடத்தில் சுலபமாக வாங்கிக்கொள்வார்கள்.

இதற்குக் கொடுக்கும் விலை தினசரித் துவைப்பு. மூன்று செட் துணியில் ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று பையில். ஜூலையில் சிரபுஞ்சியில் அந்தக் கொடித்துணி காயாது. இரண்டாம் நாளும் காயாது. மழைக்கால மலைநாடு திட்டத்தில் இருந்தால் இந்த அளவு தொல்லை. ஜனவரியில் தாய்லாந்து, வியட்நாமின் தெற்கு, நம் கடற்கரைகள் என்று வெயிலோடு போகிற பயணத்துக்கு இதைவிடச் சுகம் வேறில்லை. குளிருக்கு ஜாக்கெட்டை மணாலியில் வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கலாம். லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டே சுற்றுகிறவர்களுக்கு இது பத்தாது.

ஒரே பார்வையில்

| | மேல்வாய் 50–65 | பெட்டித்திறப்பு 38–45 | ஒட்டுப்பை 55–70 | சக்கரப்பை | சின்னது 26–32 |
|---|---|---|---|---|---|
| வெறும் எடை | 1.5–2.3 கிலோ | 1–1.6 கிலோ | 1.8–2.3 கிலோ | 3 கிலோவுக்கு மேல் | 0.7–1 கிலோ |
| வசதியாகச் சுமக்கும் எடை | 15 கிலோ வரை | 10 கிலோ வரை | 13 கிலோ வரை | முதுகில் வசதியில்லை | 7 கிலோ வரை |
| பூட்டு | கடினம் | சுலபம் | சுலபம் | சுலபம் | சுலபம் |
| கேபின் | போகாது | அளவு போகும், எடை சந்தேகம் | போகாது | அளவைப் பொறுத்து | போகும் |
| மறைந்த செலவு | செக்-இன், லாட்ஜ் அறை | எடை மீறினால் கட்டணம் | இரண்டு பையும் நிறைவது | சக்கரப் பழுது | துவைப்பு, வாடகை ஜாக்கெட் |
| எங்கே சிறப்பு | மலை, கூடாரம் | ரயில், லாட்ஜ் | ஊருக்கு இரண்டு வாரம் | நகரம் | வெயில் நாடு |

நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவில் நிற்கிறவர்களுக்கு: அட்டைப்பெட்டிச் சாமானின் எடை, பை இல்லாமல், எட்டு கிலோவுக்குள் என்றால் நாற்பது. எட்டிலிருந்து பதினொன்று என்றால் 45 முதல் 50 லிட்டருக்குள், பெட்டிபோல் திறப்பதும் பஞ்சு பெல்ட் உள்ளதுமாக ஒன்று. அதற்கு மேல் என்றால், கூடாரமோ கடுங்குளிரோ இல்லாதவரை, பெரிய பை தீர்வல்ல. சாமானைக் குறைக்க வேண்டும். லிட்டர் எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். பைக்குள் சின்னப் பிளாஸ்டிக் உருண்டைகளை நிரப்பிக் கொள்ளளவு அளக்கும் முறை ஒன்று இருக்கிறது; ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பு வகுத்தது. எல்லா நிறுவனமும் அதைப் பின்பற்றுவதில்லை. வெளிப்பாக்கெட்டையும் சேர்த்து எண்ணுகிறவர்கள் உண்டு. அட்டைப்பெட்டிச் சாமானைக் கடைக்கே கொண்டுபோய் அடுக்கிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எது முதலில் கெடும்

துணி கிழிந்து பை சாவது அரிது. அதனால் டெனியர் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை கிராமில். நூல் எவ்வளவு தடிமன் என்று சொல்லுமே தவிர நெசவையோ தையலையோ சொல்லாது. 210 டெனியர் நல்ல நைலான், 600 டெனியர் மட்டமான பாலியெஸ்டரைவிட நாள் தாங்கலாம். அடிப்பாகம் மட்டும் தடித்த துணியாக இருக்கட்டும், அதுதான் பிளாட்பாரத்தில் தேய்வது.

உள்பூச்சு வேறு கதை. பெரும்பாலான பைகளின் உள்ளே தண்ணீர் புகாமலிருக்கப் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது மெல்லச் சிதைந்து, பிசுபிசுத்து, செதில் செதிலாக உதிரும். சென்னையில் அலமாரி மேல் பிளாஸ்டிக் கவரில் சுற்றி இரண்டு வருடம் வைத்த பை பயன்படுத்தாமலே கெடுவது இதனால்தான். துவைத்து, நிழலில் நன்றாகக் காயவிட்டு, காற்றோட்டமாகத் தொங்கவிட வேண்டும். பழைய பையை இரவல் வாங்குவதானால் முதலில் உள்ளே கை விட்டுத் தடவிப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். புளித்த வாடை வந்தால் பூச்சு போய்விட்டது.

ஜிப் பல் கெடுவதைவிட ரன்னர் தேய்வதே அதிகம். மூடியபின் பின்னால் பிரிந்துகொண்டே வந்தால் ரன்னரின் வாய் அகன்றுவிட்டது என்று பொருள். குறடால் அதன் இரு ஓரத்தையும் மெல்ல, சமமாக அழுத்தினால் இன்னும் சில வாரம் ஓடும். வேகமாக அழுத்தினால் உடையும். பிரதான ஜிப் 8 அல்லது 10 எண்ணாக (எண் கூடினால் ஜிப் தடிமன் கூடும்) இருக்கட்டும், 5 வேண்டாம். ரன்னரின் பின்புறத்தில் எண் பெரும்பாலும் பொறித்திருக்கும், ஒய்.கே.கே. என்ற ஜப்பானிய ஜிப் நிறுவனத்தின் எழுத்தையும் அங்கேதான் தேட வேண்டும். சுருள் வகை ஜிப்பைப் பால்பாயிண்ட் பேனா முனையாலேயே குத்திப் பிளக்கலாம், பிறகு ரன்னரை ஓட்டினால் தடயமின்றி மூடிக்கொள்ளும். ஆகவே பூட்டு சபலக்காரனைத்தான் தடுக்கும், திருடனை அல்ல. பாஸ்போர்ட்டும் பணமும் பெரிய பையில் இருக்கக்கூடாது.

மழையுறை கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்படுவதிலும் அர்த்தம் குறைவு. முதுகுப் பக்கம் திறந்தே இருப்பதால் தோள்வார் வழியாக நீர் இறங்கும். சுமோ கூரையில் காற்றில் பறக்கும். பைக்கு உள்ளே கெட்டியான பெரிய குப்பைக் கவர் ஒன்றைப் போட்டு, அதற்குள் துணியை வைத்து, வாயை முறுக்கி மடித்தால் செலவு சில ரூபாயில் வேலை முடிந்தது.

முதுகில் வலை இழுத்துக் கட்டிய, காற்றோடும் மாடல்கள் நம் வெயிலுக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. சட்டம் வளைந்திருப்பதால் உள்ளே இடம் குழிந்து போகும், எடையும் இரண்டு மூன்று விரற்கடை பின்னால் தள்ளும். பத்து கிலோவுக்கு மேல் தூக்குகிறவர் வியர்வையைப் பொறுத்துக்கொண்டு முதுகோடு ஒட்டும் வகையை எடுப்பது மேல்.

கடையில்

காலிப் பையை மாட்டிக் கண்ணாடி பார்ப்பதில் எதுவும் தெரியாது. எட்டு கிலோ ஏற்றச் சொல்லுங்கள். எல்லா வாரையும் தளர்த்தி, முதலில் இடுப்பு பெல்ட்டை எலும்பின் மேல் இறுக்குங்கள், அடுத்துத் தோள்வார், அடுத்துத் தோளுக்கு மேலுள்ள சின்ன வார், கடைசியில் மார்பு வார். இப்போது தோள்வாருக்கும் தோளுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். கடைக்குள் இருபது நிமிடம் நடங்கள், படி இருந்தால் ஏறுங்கள். இடுப்பு பெல்ட்டை முழுக்க இறுக்கியபின் இழுக்க இன்னும் நாடா மிச்சம் இருக்கிறதா பாருங்கள். இரண்டு மாதப் பயணத்தில் பலர் மெலிவார்கள், அப்போது பெல்ட் நழுவும்.

தோள்வார் பையோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரே கோடாகத் தைத்திருந்தால் வேண்டாம். குறுக்கும் நெடுக்குமாகப் பெட்டி போட்டோ நெருக்கமான பட்டையாகவோ தைத்திருக்க வேண்டும். பை முதலில் கைவிடும் இடங்களில் இது ஒன்று. பக்கிள்களில், தையலைப் பிரிக்காமல் மாற்றக்கூடிய பிளவுள்ள வகையில் இடுப்புக்கு ஒன்று உதிரியாக வாங்கிப் பையின் அடியில் போட்டுவையுங்கள். யாராவது மிதித்து உடைக்கும் நாள் வரும்.

உத்தரவாத அட்டை டார்ஜிலிங்கில் உதவாது. உதவுபவர் பஸ் ஸ்டாண்ட் ஓரம் உட்கார்ந்து செருப்புத் தைப்பவர். அவரிடம் உள்ள தடித்த நைலான் நூலும் ஊசியும் தோள்வாருக்குக் கம்பெனித் தையலைவிட உறுதியாக நிற்கும், பத்து நிமிட வேலை. தையல் பிரிந்திருந்தால்தான் அவரால் முடியும்; துணியே கிழிந்துபோனால் பிடிக்க இடமிருக்காது. வாரம் ஒருமுறை, பையைக் காலி செய்யும் நாளில், தோள்வார் பையோடு சேரும் இடத்தை இழுத்துப் பார்த்து நூல் பிசிறு தெரிந்த அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.